ஆறாம் சுருளின் ஒட்டுகள்

பழைய படங்களைச் சீர்செய்து மறுபடி திரைக்கு அனுப்பும் கூடம் ஒன்றைத் தமயந்தி நடத்தி வந்தார். அவரிடம் தொழில் கற்க வந்த சவரிமுத்து, அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஆனாலும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

சவரிமுத்து தனியாகச் செய்யும் முதல் படம் அது. அறுபது ஆண்டுப் பழையது. பதினான்கு சுருள். மிஞ்சியிருந்தது இந்த ஒரு பிரதிதான். பதினோரு நாளில் திரையரங்குக்குப் போகவேண்டும்.

"டீச்சர், ஆறாம் சுருள்ல ஒரு பாட்டு. பூராவும் கீறல். நாள் பத்தாது. அதை எடுத்துட்டாலும் கதை நிக்கும். எடுத்துடட்டுமா?"

"எடுத்துட்டா அந்தப் பாட்டு வேற எங்கே இருக்கு?"

"எங்கேயும் இல்லை."

"அதுல எத்தனை ஒட்டு இருக்கு அண்ணே?"

"எண்ணலை."

"எண்ணிட்டு வாங்க."

அறுந்த பிலிமைக் கத்தரித்து, கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர் சேர்க்கும் இடம்தான் ஒட்டு. சவரிமுத்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, விரல் நுனியால் தடவித் தடவி எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். மாலையில் வந்தார்.

"பத்தொன்பது. அந்த ஆபரேட்டர் மட்டும் கையில கிடைச்சா, நாலு வார்த்தை கேட்டுடுவேன்."

"மத்த பதிமூணு சுருள்ல?"

"எல்லாம் சேர்த்து மூணு."

"அதையும் ஓட்டினது அதே ஆள்தானே?"

சவரிமுத்து கையிலிருந்த சுருளை மேசையில் வைத்தார். தமயந்தி அடுத்துக் கேட்டார்.

"கீறல் எங்கே ஆரம்பிக்குது?"

"பாட்டு ஆரம்பிக்கிற இடத்துல."

"எங்கே முடியுது?"

"பாட்டு முடியிற இடத்துல. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கண்ணாடி மாதிரி சுத்தம்." சொல்லும்போதே அவர் குரல் தணிந்தது. "ஒன்ஸ்மோரா டீச்சர்?"

தமயந்தி தலையசைத்தார். "விசிலடிச்சு, பெஞ்சைத் தட்டி, திரும்பப் போடுன்னு கேட்டிருக்காங்க. அவரும் பிலிமைப் பின்னால சுத்திச் சுத்திப் போட்டிருக்கார். கீறினதும் அறுந்ததும் அதுலதான்."

சவரிமுத்து அந்தச் சுருளை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார்.

"பதினோரு நாள்ல இதை எப்படி டீச்சர்?"

"கொட்டகையே கத்திக்கிட்டு இருக்கிறப்போ அவர் இருட்டுல நின்னு ஒட்டியிருக்கார். பத்தொன்பது தடவை. ஒரு ஒட்டும் இன்னிக்கு வரைக்கும் விடலை. உங்க பின்னாடி யாரு கத்துறா அண்ணே?"