எண்ணெய்ச் சபையில் வந்த குளிர்

முன்னொரு காலத்தில் மலையடிவாரத்துச் சீமை ஒன்றைக் கோடைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். என்ன, காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவது மந்திரி தாண்டவராயரின் தலைவிதி.

ஒரு மார்கழியில் வடக்கேயிருந்து வந்த தீனாநாத் என்ற சால்வை வியாபாரியை மந்திரி சபைக்கு அழைத்துவந்தார். வந்தவன் சால்வையை விற்றோமா, போனோமா என்று இருந்திருக்கலாம்.

"எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஏரித் தண்ணீர் கல்லாகிவிடும், மகாராஜா. அதன்மேல் நடந்தே அக்கரை போவோம். வானத்திலிருந்து பஞ்சு மாதிரி பனி கொட்டும். விழுகிற பனிக்கு ஒரு பேர், இறுகிக் கிடக்கிற பனிக்கு ஒரு பேர், இளகிச் சேறாகிற பனிக்கு இன்னொரு பேர்" என்று சொல்லித் தொலைத்தான்.

ஆஸ்தானப் புலவர் அம்பலவாணர் கைகொட்டிச் சிரித்தார். மந்திரி அழைத்துவந்த ஆள் என்பதால் சிரிப்பில் கொஞ்சம் கூடுதல் காரம்.

"பனி என்பது விடியலில் புல்நுனியில் நிற்பது. அதன்மேல் நடக்கிறானாம்! அதற்கு இத்தனை பேராம்! புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா?"

"புலவரே, நாம் நெல் என்கிறோம், அரிசி என்கிறோம், சோறு என்கிறோம், பழையது என்கிறோம். இவனைக் கேட்டால் எல்லாம் ஒன்றுதானே என்பான். எதோடு கிடந்து உழல்கிறோமோ அதற்குத்தான் பேர் பெருகும்" என்றார் மந்திரி.

"சோறு கண்ணுக்குத் தெரிகிறது. கல்லான தண்ணீர் எங்கே?" புலவர் ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, ஓடுகிற பொருள் வெறும் குளிரில் கல்லாகும் என்று எவன் சொன்னாலும் அவன் நாக்கை அறுக்கச் சட்டம் போடுங்கள்."

"ஆகா! போட்டாச்சு! நாளைக் காலை எண்ணெய்ச் சபையில் இவன் நாக்கை அறுத்துவிடலாம்."

"மகாராஜா, கொஞ்சம்..." என்றார் மந்திரி.

"போட்டாச்சு என்றேனே!"

எண்ணெய்ச் சபை என்பது வேறொன்றுமில்லை. ராஜா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே வழக்கு கேட்பார். மந்திரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவரிடம் நியாயம் பேசிப் பேசியே பாதித் தலை நரைத்தாயிற்று. மீதியும் நரைக்கும்வரை பேசினாலும் சால்வைக்காரனுக்கு நாக்கு மிஞ்சாது. பேசாமல் எழுந்துபோய் எண்ணெய் தேய்க்கும் சடையனைப் பிடித்தார்.

"மார்கழியில் ராஜாவுக்கு எண்ணெயை எப்படிக் கொண்டுபோவாய்?"

"அடுப்போரம் வைத்து இளக்கித்தான், சாமி."

"நாளைக்கு இளக்காதே."

"ராஜா என் தோலை உரிச்சிடுவாரே!"

"என் தோலைத் தருகிறேனப்பா. இளக்காதே."

மறுநாள் காலை ராஜா மணையில் உட்கார்ந்தார். குளிரில் சபையே போர்த்திக்கொண்டு நடுங்க, கைகட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த தீனாநாத்துக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. சடையன் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை ராஜாவின் தலைமேல் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. உலுக்கினான். அப்போதும் இல்லை.

"எண்ணெய் எங்கேடா?"

சடையன் மந்திரியைப் பார்த்து விழித்தான். ராஜாவிடம் நல்ல பேர் வாங்கச் சமயம் பார்த்திருந்த புலவர் கிண்ணத்தைப் பிடுங்கி விரலால் குத்திப் பார்த்தார்.

"இந்த மடையனைப் பாருங்கள், மகாராஜா! எண்ணெய் குளிரில் கல்லாய் உறைந்து கிடக்கிறது!"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"கத்தி தயார், மகாராஜா. முதலில் யார் நாக்கு?" என்றார் மந்திரி.

"எண்ணெய் வேறு, தண்ணீர் வேறு!" என்று புலவர் அலறினார்.

"வேறுதான், ஐயா. அதனால் உறைய வேண்டிய குளிரும் வேறு. நெய்க்குக் கொஞ்சம் குளிர் போதும். தேங்காயெண்ணெய்க்கு மார்கழி வேண்டும். நல்லெண்ணெய்க்கு நம் மார்கழி பற்றாது. தண்ணீருக்கு இவன் ஊர்க் குளிர் வேண்டும். அங்கே போனால் உம் செம்புத் தண்ணீரும் இப்படித்தான் கிடக்கும்."

ராஜா கிண்ணத்தை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். சூடு பட்ட இடம் இளகி மணிக்கட்டில் வழிந்தது.

"அட, ஓடுகிறதே!"

"வெயில் ஏறினால் இவன் ஊர் ஏரியும் அப்படித்தான் ஓடும், மகாராஜா."

ராஜா தீனாநாத்தின் கட்டை அவிழ்க்கச் சொல்லி, சால்வை மூட்டையை முழுதாக வாங்கிக்கொண்டார். தம் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு புலவரைப் பார்த்தார். "சட்டம் நீர் கேட்டது. நாக்கை நீட்டும்."

"நாக்கு இருக்கட்டும், மகாராஜா. புலவரை இவனோடு வடக்கே அனுப்புங்கள். பனியில் நின்று பார்த்துவிட்டு, நம் பாஷையிலும் அவற்றுக்குப் பேர் வைத்துக்கொண்டு வரட்டும்" என்றார் மந்திரி.

புலவருக்கு அங்கேயே பல் கிட்டிக்கொண்டது.

"போட்டாச்சு!" என்றார் ராஜா. "அதோடு, வைகாசி வெக்கை எனக்குத் தாங்குவதில்லை. வரும்போது அந்தக் கல்தண்ணீரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரட்டும். ஒரு சொட்டும் குறையக் கூடாது!"

தீனாநாத் வாயைத் திறந்தான். "மகாராஜா, அது வழியிலேயே..."

மந்திரி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்.

"ஊர் போய்ச் சேருகிறவரை திறக்காதே, அப்பா" என்று காதோரம் முனகினார். "இப்போதுதான் மீட்டிருக்கிறேன்."