வழுவழுப்பு

“நாற்பது நாள் ஆச்சும்மா. தொட்டி செத்துக் கிடக்குது.”

ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையின் இன்ஜினியர் பொன்னுரங்கம் நசீமாவிடம் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் இந்தமாதிரித் தொட்டிகளை ஓடவைக்கத் தெரிந்தவள் என்று கேள்விப்பட்டு அவரே அழைத்திருந்தார்.

கழிவுநீர் ஏரியில் கலந்து மீன்கள் செத்து மிதந்ததால் ஆலையைப் பூட்டிவிட்டார்கள். காற்றுப் புகாத இந்தத் தொட்டியில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கழிவைத் தின்று, அதை எரிவாயுவாக மாற்ற வேண்டும். அதுவரை ஆலை திறக்காது. எழுபது பெண்களுக்கு வேலை இல்லை. தினமும் யாராவது ஒருத்தி கேட்டுக்கு வந்து, “எப்போங்க சார்?” என்பாள்.

நசீமா தொட்டி நீரை மோந்து பார்த்தாள்.

“புளிச்சுப் போச்சு. எவ்வளவு கழிவு விட்டீங்க?”

“முதல்ல கொஞ்சமா. வாயு வரலை. ரெண்டு மடங்கு விட்டேன். அப்பவும் வரலை. அப்புறம் நாலு.”

“ஏன் சார்?”

“பசியில கிடக்குதோன்னு…”

அவள் சிரிக்கவில்லை. கழிவுநீர் தேங்கிக் கிடக்கும் குட்டையிலிருந்து தொட்டிக்குக் கழிவு வரும் வால்வை இறுக மூடி, அதன் சக்கரத்தைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“பத்து நாள் கழிச்சு வர்றேன்.”

“அதுவரைக்கும் நான் என்னம்மா பண்ணட்டும்?”

“வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க சார். முகமே வாடிக் கிடக்குது.”

பத்து நாளும் அவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நசீமா புளிப்பை முறிக்கச் சுண்ணாம்போடும், வேறொரு ஆலையில் நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து எடுத்த கறுப்புச் சேற்றோடும் வந்தாள். இரண்டையும் உள்ளே விட்டாள்.

“தினம் நாலு வாளி கழிவு. அஞ்சாவது வாளிக்குக் கை போச்சுன்னா எனக்குப் போன் பண்ணுங்க.”

மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் அவள் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

ஏழாவது வாரம் வாயுக் குழாயின் முனையில் நீலச் சுடர் பிடித்தது. கேட்டில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எப்படிம்மா வந்துச்சு?”

தொட்டி நிறையச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் வளையங்கள் கிடந்தன. நசீமா கயிறு கட்டி விட்டிருந்த ஒன்றை மேலே இழுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதன்மேல் கறுப்பாக, மெல்லிசாக, வழுவழுவென்று ஏதோ படிந்திருந்தது.

அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அதுதான் சார் கழிவைத் தின்னுற உயிர்.”

அவர் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தார்.

“நீங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தொட்டியைக் காலி பண்ணி, வளையத்தையெல்லாம் ஒவ்வொண்ணா பிரஷ் போட்டுத் தேய்ச்சேம்மா. அழுக்குன்னு நினைச்சு.”

“தெரியும் சார். இவ்வளவு சுத்தமான தொட்டியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.”