ஒலிபெருக்கி கேட்ட ஊர்கள்

புயல் அடித்த மறுநாள் காலை மடத்து மோட்டார் ஓடவில்லை. மோட்டார்மேல் பழியில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, அவ்வளவுதான்.

கடல் புகுந்து சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. நல்ல தண்ணீர் மடத்து ஆழ்குழாயில் மட்டும்தான். மேல்தொட்டியையும் காற்று உருட்டிக்கொண்டு போய்விட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் மடத்துத் தலைவர் குழந்தையடிகள் டீசல் வாங்கிச் சீடர் வைத்திலிங்கத்திடம் ஒப்படைத்திருந்தார்.

ஆபத்துக் காலத்தில் பதிகம் ஓதுவது நிற்கக்கூடாது என்பது மடத்து வழக்கம். வாயால் ஓதினால் போதாதா? போதாது என்று தோன்றிவிட்டது வைத்திலிங்கத்துக்கு. கரண்டு போனதும் ஜெனரேட்டரைப் போட்டார், ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தார், விடிய விடியப் பாடினார். பாவம், டீசலும் போச்சு, தொண்டையும் போச்சு.

முதலில் வந்தவள் செம்பாயி. இடுப்பில் பிள்ளை, கையில் குடம்.

"சாமி, புள்ளைக்கு வயித்தால போகுது. ஒரு சொம்பு நல்ல தண்ணி குடுங்க."

அடிகள் தன் கமண்டலத்தைக் கவிழ்த்தார். ஒரு மடக்கு வந்தது. பிள்ளை குடித்துவிட்டு இன்னும் கேட்டது.

வராது என்று தெரிந்தே வைத்திலிங்கம் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. செம்பாயி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் குளத்துப் பக்கம் நடந்தாள்.

"ஐயோ, கூப்பிடுங்க சாமி! செத்த மாடெல்லாம் அதுலதான் மிதக்குது!" வைத்திலிங்கத்துக்குப் பாதிக் காற்றாகத்தான் குரல் வந்தது.

"கூப்பிட்டு எதைக் கொடுப்பே?" என்றார் அடிகள்.

வைத்திலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"டீசலுக்கு ஆள் அனுப்புவோமா?"

"பாலமே போயிடுச்சு, வைத்தி."

"ஊருக்காகத்தானே சாமி பாடினேன். அந்த ஆண்டவன் காதுல விழவே இல்லையா?"

அடிகள் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார். இடுப்பளவு வெள்ளத்தில் ஊர் ஊராக ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் காலிக் குடம்.

"ஆண்டவனுக்குக் கேட்டுச்சான்னு எனக்குத் தெரியாது. இவங்களுக்குக் கேட்டிருக்கு. ராத்திரி பூரா ஒலிபெருக்கி பாடுதே, மடத்துல கரண்டு இருக்கு, மோட்டார் ஓடும்னு நம்பி வர்றாங்க. எதிர்ல போய்த் தண்ணி இல்லேன்னு சொல்லு."

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.