காளைக்கு ஒரு வாரம்

பன்னீர்ச் செம்பைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத ஜமீன்தார் ஒருவர் இருந்தார். திருவிழாவில் இளவட்டக்கல் தூக்கும் போட்டிக்கு அவருடைய ஆள் ஒண்டிமுத்து. மூன்று வாரம் பெரிய கல்லைத் தூக்கினால், அடுத்த வாரம் சின்னக் கல்லோடு நிறுத்தி உடம்பை ஆற விடுவது அவன் வழக்கம். அந்த வாரம் பார்த்து ஜமீன்தார் களத்துக்கு வந்துவிட்டார்.

"என் சோத்தைத் தின்னுட்டுச் சோம்பலாடா? நாளையிலிருந்து தினமும் பெரிய கல்லுதான். இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு."

ஒண்டிமுத்துவுக்கு ஏற்கெனவே இடுப்பில் பிடிப்பு. தூக்கினால் இடுப்பு போகும், தூக்காவிட்டால் வீடு போகும். ஜமீன் தொழுவத்தில் சாணி அள்ளும் அவன் மனைவி காத்தாயி, "ரெண்டும் போகாது, நீ படு" என்றாள்.

மறுநாள் ஜமீன்தார் விருந்தாளிகளோடு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய பந்தயக் காளையைக் கல் ஏற்றிய ஒற்றை மாட்டு வண்டியில் பூட்டிக்கொண்டு வந்து நின்றாள் காத்தாயி.

ஜமீன்தார் பதறி எழுந்தார். "அடிப்பாவி, அவுத்து விடு. மூணு வாரமா ஓடிப் பழகின காளை. இந்த வாரம் காலாற நடத்தத்தான் செய்யணும். பாரம் இழுத்தா காலு போயிரும்."

"தின்னுட்டுச் சும்மா நிக்குதே சாமி, சோம்பல்னு நெனச்சேன்."

விருந்தாளி ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். காத்தாயி நுகத்தடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இப்பச் சொன்னதையே எங்க வீட்டு ஆளுக்கும் சொல்லிருங்க சாமி. அவுத்துர்றேன்."

சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுக்கக் காளையைக் குளத்தங்கரையில் காலாற நடத்திப் போனவன் ஒண்டிமுத்துதான். திருவிழாவன்று அவன் தூக்கிய பெரிய கல், போட்டி விதிப்படியே தோளைத் தாண்டிப் பின்னால் விழுந்தது. இடுப்பு நேராகவே நின்றது.