மாமரம் வரைக்கும் போன ஓட்டை

ஆமா, கூரைமேல ஏறாமலேதான் கண்டுபிடிச்சேன். அவர் வீட்டுக்கு நான் போட்ட ஓடு ஒழுகுதுன்னு ஊர்த் தலைவர் வேதாசலத்துக்குக் கோவம்.

"ஏறவிட்டா நீயே நாலு ஓட்ட ஒடச்சுட்டு சாக்கு சொல்லுவ. கீழ நின்னே ஓட்டையக் காட்டு. இல்ல, இந்த ஊர்ல இனி உனக்கு வேலை கிடையாது"ன்னார், ஆளுங்களக் கூட்டிவச்சு.

உச்சிவெயில்ல கதவு ஜன்னலெல்லாம் சாத்தச் சொன்னேன். இருட்டுல அண்ணாந்து பாத்தா, ஒடஞ்ச ஓடு வழியா வெளிச்சம் பொட்டுப் பொட்டாத் தெரியுது. ஒரே வரிசை, காலடி தூரத்துக்கு ஒண்ணு, பக்கத்து வீட்டு மாமரக் கிளை கூரையத் தொடுற மூலை வரைக்கும்.

"யாரோ நடந்திருக்காங்கய்யா."

"குரங்கா இருக்கும்."

"குரங்குக்கு இவ்வளவு கனம் இல்லீங்க."

மூணு வாரமா மாங்கா திருடனத் தேடிட்டிருந்த பக்கத்து வீட்டு அஞ்சலையம்மா, தலைவரோட தொந்தியவே பாத்துது. அவர் வேட்டியச் சரிபண்ணிக்கிட்டு, "சரி சரி, ஒடஞ்ச ஓட்ட மாத்து"ன்னார்.

இந்தா, அஞ்சலையம்மா கூப்பிடுது. அது வீட்டுக் கூரையும் நான்தான் பாக்கணுமாம். வரேன்.