நாலாம் குழாயின் நீல மூடி

கடல் மண் காப்பகத்தில் ஒரு குரு இருந்தார், ஒரு சீடர் இருந்தார். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தொன்று.

குருவின் பெயர் டாக்டர் ஜெயக்கொடி. சீடர் கஸ்பார், முன்பு ஆய்வுக் கப்பலில் தளத்து வேலை பார்த்தவர். கடலடி மண்ணைக் குழாய் குழாயாக இழுத்துப் போட்ட கை. ஒருநாள் கப்பலை விட்டு இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"நான் இழுத்துப் போட்ட மண்ணுல அப்படி என்னதான் இருக்குன்னு தெரியணும் மேடம்."

"உள்ள வாங்க அண்ணாச்சி."

தீட்சை அவ்வளவுதான்.

பாடமும் பெரிதில்லை. கடலில் மணலளவு உயிர்கள் ஓடு கட்டி வாழ்கின்றன, செத்து அடியில் விழுகின்றன, மேலே மண் படிகிறது. ஓட்டுக்குள் இருக்கும் ஆக்சிஜனில் எடை குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. கடல் குளிர்ந்தால் கூடியது அதிகம் சேரும். ஓட்டை எடுத்துக் கருவியில் போட்டால் அந்தக் காலத்துக் கடல் சூடா குளிரா என்று சொல்லிவிடும். ஒரு மீட்டர் மண் என்பது இருபதாயிரம் வருஷம். ஒரு மீட்டருக்கு ஒரு குழாய். மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி. காப்பகத்தின் ஒரே மந்திரம் இதுதான்: நீலம் மேலே, வெள்ளை கீழே.

கஸ்பாருக்கு இன்னொரு வித்தையும் தெரியும். யார் குரலிலும் பேசுவார். கேப்டன் மாதிரி அதட்டுவார், காப்பக இயக்குநர் மாதிரி 'வந்து, வந்து' என்று இழுப்பார். ஒருமுறை குளிர் அறை மோட்டார் மாதிரி திக்கித் திணறிக் காட்டியதில் எலக்ட்ரீஷியன் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார்.

குருவுக்கு உலகமெங்கும் பெயர் வாங்கித் தந்தது ஒரு கண்டுபிடிப்பு. பழங்காலக் கடல் ஒன்று சட்டென்று குளிர்ந்து, மெல்லச் சூடேறி, மறுபடி சட்டென்று குளிர்ந்தது என்று, கஸ்பாரின் கப்பல் கொண்டுவந்த குழாய்களை வைத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் எழுதினார். அதற்கு 'ஜெயக்கொடிச் சரிவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாளை கொச்சியில் அதைப் பற்றித்தான் பேச்சு. மதியம் கிளம்ப வேண்டும்.

அன்று காலையில் கஸ்பார் குருவின் அறைக் கதவோரம் வந்து நின்றார். இயக்குநர் குரலில் ஆரம்பித்தார்.

"டாக்டர், வந்து, எனக்கு வந்து ஒரு சந்தேகம். கடல் வந்து நம்ம குழாயோட நீளத்தை அளந்து பார்த்துட்டு வந்து குளிருமா?"

குரு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இது யாரோட கேள்வி?"

"இயக்குநரோடது."

"இயக்குநர் குழாயைப் பார்த்ததே இல்லை அண்ணாச்சி."

கஸ்பார் தலையைச் சொறிந்தார். இயக்குநர் குரல் கொஞ்சம் கரகரத்தது.

"முதல் சரிவு வந்து நாலாம் குழாயோட அடி முனையில இருக்கு. ரெண்டாவது வந்து அதே குழாயோட மேல் முனையில. உங்க படத்துல வருஷம் போட்டிருக்கு, குழாய் நம்பர் போடலை. அதான் வந்து யாருக்கும் தெரியலை."

குரு எழுந்தார். இருவரும் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் போனார்கள். உள்ளே நாலு டிகிரி.

குழாய்களை எல்லாம் மூடியோடு நீளவாக்கில் பிளந்து அடுக்கியிருந்தார்கள். குரு மூன்றாம் குழாயை இழுத்துப் பார்த்தார். கடலடிப் புழு மண்ணில் வளை தோண்டும்போது கீழ்நோக்கித்தான் தோண்டும். மேலே இருக்கும் வெளிர் மண் அந்த வளைக்குள் இறங்கி நிரம்பும். மூன்றாம் குழாயில் அந்த வளைகள் வெளிறிய வால்களாகக் கீழ்நோக்கித் தொங்கின. ஐந்தாம் குழாயிலும் அப்படியே.

நாலாம் குழாயில் எல்லா வாலும் மேலே தூக்கிக்கொண்டு நின்றன.

குருவின் கை குழாயின் மேல் வெகுநேரம் இருந்தது. விரல் நுனி சிவந்து, பிறகு வெளுத்தது.

"எத்தனை நாளா தெரியும்?"

"ஒம்பது நாளா."

"ஒம்பது நாளும் என்ன பண்ணீங்க?"

"எல்லாரையும் சிரிக்க வெச்சுக்கிட்டிருந்தேன் மேடம்."

குரு மூடியைத் தொட்டார். "கப்பல்ல இதை மூடினது யாரு?"

கஸ்பார் நிமிர்ந்தார். நெஞ்சை முன்னால் தள்ளினார். கேப்டன் குரல் அறை முழுக்க மோதியது.

"மூடினவன் ஒரு கோமாளிப் பய! ஒரு கையில நீல மூடி, ஒரு கையில வெள்ளை மூடி, ரெண்டையும் ஆட்டிக்கிட்டு என்னை மாதிரியே பேசிக் காட்டினான். தளமே விழுந்து விழுந்து சிரிச்சுது. நீலத்தை எந்தப் பக்கம் போட்டோம்னு அவனுக்கே தெரியாது!"

"கேப்டன் அப்போ தளத்துல இருந்தாரா?"

"இல்ல. கேபின்ல தூங்கிக்கிட்டு இருந்தாரு."

"அப்ப அவருக்கு எப்படித் தெரியும்?"

மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது நிஜ மோட்டார்.

குரு நாலாம் குழாயைத் தட்டோடு வெளியே எடுத்தார். ஒரு முனையிலிருந்து நீல மூடியைக் கழற்றினார், மறுமுனையிலிருந்து வெள்ளையைக் கழற்றினார். இடம் மாற்றிப் போட்டார். தட்டைத் திருப்பி வைத்தார். புழுக்களின் வால்கள் கீழே இறங்கின.

சட்டென்ற சரிவு இரண்டும் அத்தோடு போயின. கடல் இருபதாயிரம் வருஷம் மெதுவாக, ஒரே சீராகக் குளிர்ந்திருந்தது. எந்தக் கடலும் குளிர்கிற மாதிரி.

கஸ்பாரால் அங்கே நிற்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது. வந்தது குருவின் குரல். அதே நிதானம், அதே மெல்லிய இழுப்பு.

"அண்ணாச்சி, சாவியை மேசை மேல வெச்சிட்டுப் போங்க. நாளையிலேருந்து வர வேண்டாம்."

குரு தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"குரல் அச்சு அசலா இருக்கு. ஆனா நான் அப்படிச் சொல்லலையே."

கஸ்பாரின் கண் நிறைந்துவிட்டது. "உங்க பேரு போயிருமே மேடம். ஊர் உலகமெல்லாம் உங்க பேருலதான சொல்லுதாங்க."

குரு குனிந்து ஒரு வெளிறிய வாலை மேலிருந்து கீழாக விரலால் காட்டிக்கொண்டே போனார்.

"இந்தப் புழுவுக்கு என் பேரு தெரியாது அண்ணாச்சி. கீழே எதுன்னு தெரியும்."

வெளியே வந்தார்கள். வெயில் கண்ணில் குத்தியது. குரு மேசையில் உட்கார்ந்து கொச்சிப் பேச்சைத் திறந்தார். முதல் படத்தில் பெரிய எழுத்தில் அவர் பெயரும் பெயருக்குப் பக்கத்தில் சரிவும் இருந்தன. இரண்டையும் அழித்தார். அந்த இடத்தில் நாலாம் குழாயின் படத்தை வைத்தார்.

"சட்டை ரெண்டு எடுத்து வெச்சுக்கோங்க. நீங்களும் வாரீங்க."

"நானா? நான் அங்க வந்து என்ன செய்ய?"

"குழாய் தலைகீழா இருந்ததுன்னு நான் சொல்லுவேன். எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாது. நான் தளத்துல இல்லை."

கஸ்பார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடம். கேப்டனாகப் போனால் சிரிப்பார்கள், இயக்குநராகப் போனாலும் சிரிப்பார்கள். தொண்டையைச் செருமினார்.

"மேடம், அங்க எந்தக் குரல்ல சொல்ல?"

குரு மடிக்கணினியை மூடினார்.

"உங்க பேரு என்ன?"

இத்தனை வருஷம் பழகியவர் இப்படிக் கேட்டதும் கஸ்பாருக்கு ஒன்றும் புரியவில்லை. கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நிற்கிற பிள்ளை மாதிரி சொன்னார்.

"கஸ்பார்."

"அந்தக் குரல் போதும்."