முயல் ஓடிய வயல்

கட்டியக்காரர் ஒதோனுக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் சீடராக இருந்த ரெனோவுக்கு நாற்பத்திரண்டு. குருவைவிடச் சீடர் ஒரு சாண் உயரம், இரண்டு மடங்கு கனம். கோபத்தில் பத்து மடங்கு.

பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நாட்டில் கட்டியக்காரரின் வேலை அரசர் வரும்போது பட்டப்பெயர்களைக் கூவுவது மட்டுமல்ல. போர் நடக்கும்போது வாளைத் தொடாமல் மேட்டில் நிற்க வேண்டும். முடிந்ததும் களத்தில் இறங்கி, கேடயத்தில் உள்ள சின்னத்தைப் பார்த்து, இறந்தவர் யார் என்று கண்டு எழுத வேண்டும். ரெனோ இரண்டு வருஷமாக அந்தச் சின்னங்களைத்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"குருவே, வீரப்பட்டம் பெற்றவர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுங்கள்."

"ஏன்?"

"நேற்று விருந்தில் நம் சேனை வீரன் தீபோ என் முன்னால் ஒரு தட்டை வைத்தான். வறுத்த முயல். காதுகளை மட்டும் வறுக்காமல் நிமிர்த்தி வைத்திருந்தான்."

ஒதோன் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சமையல்காரர் கெட்டிக்காரர்தான்."

"சிரிக்காதீர்கள். நாளைக் காலை ஆற்றங்கரைக்கு வாளோடு வரச் சொல்லிவிட்டேன். அவன் சாக வேண்டும், இல்லை நான் சாக வேண்டும். செத்தாலும் முயல் வீரனாகச் சாக மாட்டேன்."

வேறு சமயமாக இருந்தால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர் என ரெனோவைச் சொல்லலாம். இப்போது அது அவர் காதில் விழுந்தால் வம்பு.

மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு சேனைகளும் ஒரு வயல்வெளியில் எதிரெதிரே நின்றன. விடிந்ததிலிருந்து நின்றன. யாரும் முதல் அடியை எடுத்து வைக்கவில்லை. நடுப்பகலில் இரண்டுக்கும் நடுவே ஒரு முயல் குதித்து ஓடியது. பிரெஞ்சு முன்வரிசை "ஹோ!" என்று கத்தியது. பின்வரிசைக்கு முயல் தெரியவில்லை, கத்தல்தான் கேட்டது. போர் தொடங்கிவிட்டது என்று நினைத்தார்கள். போருக்கு முன் அவசர அவசரமாக வீரப்பட்டம் கொடுப்பது அங்கே வழக்கம். ரெனோவும் இன்னும் பதின்மூன்று பேரும் சேற்றில் மண்டியிட்டார்கள். தளபதி ஒவ்வொருவர் தோளிலும் வாளால் தட்டினார். எழுந்து பார்த்தால் முயல் புதருக்குள் போய்விட்டது. சாயங்காலம் இரண்டு சேனைகளும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டன. அன்றிலிருந்து அந்தப் பதினான்கு பேரும் ஊருக்கு 'முயல் வீரர்கள்'.

பத்து வருஷம் கனவு கண்ட பட்டம், பாவம், இப்படியா கிடைக்க வேண்டும்! ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"அடித்துவிடுகிறேன்," என்றார் ஒதோன். "அதற்கு முன் ஒரு வேலை. பெட்டியில் மேலே இருக்கும் தோல் சுருளை எடுத்துப் படியும். சத்தமாக."

அது பழைய பாலத்துப் போரில் இறந்தவர்களின் சுருள். ரெனோ நின்றுகொண்டே படிக்கத் தொடங்கினார். பெயர், ஊர், சின்னம். பெயர், ஊர், சின்னம். கால் வலித்தது, உட்கார்ந்தார். கோயில் மணி ஒரு முறை அடித்தது. பிறகு இன்னொரு முறையும் அடித்தது.

"ஆங்கிலேயர் பெயர்களும் இருக்கின்றனவே?"

"அவர்களுடைய கட்டியக்காரரும் என் பக்கத்தில்தான் நிற்பார். இருவருக்கும் ஒரே மைக்கூடு. படியும்."

தொண்டை கட்டிப்போன பிறகு ஓரிடத்தில் ரெனோ நின்றார்.

"தீபோவின் அண்ணன். அடுத்த வரியில் தம்பி." விரலை அந்த வரிகள்மேல் வைத்தார். "அவன் சொன்னதே இல்லை."

"விருந்தில் யார் சொல்வார்கள்? போதும். இனி அதற்கு அடியில் இருப்பதை எடும்."

அந்தச் சுருள் அதைவிடத் தடிமன். தலைப்பில் தேதி இருந்தது. 'முயல் ஓடிய வயல்' என்று இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. ரெனோ பிரித்தார். இன்னும் பிரித்தார். சுருள் கையை விட்டு நழுவித் தரையில் உருண்டு, மேசையைக் கடந்து, வாசற்படி தாண்டித் தெருவில் போய் நின்றது.

"இவ்வளவு நீளம் எதற்கு?"

"அன்று காலை மேட்டிலிருந்து இரண்டு சேனைகளையும் பார்த்தேன். தேவைப்படும் என்று அளந்து வெட்டினேன். பன்னிரண்டு முழம்."

ரெனோ குனிந்து அந்த வெறும் தோலைத் தடவிப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திவிட்டீர்? சத்தமாகப் படியும்."

ரெனோ வாயைத் திறந்தார். மூடினார். தெருவில் ரொட்டிக்காரர் ஏதோ பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டு வந்தார். வாசலில் கிடந்த தோலைப் பார்த்ததும் ஜாக்கிரதையாகத் தாண்டிப் போனார். அவரும் அன்று முன்வரிசையில் ஈட்டியோடு நின்றவர்.

"பதினைந்து வருஷமாக எழுதுகிறேன்," என்றார் ஒதோன். "நான் எழுதியதிலேயே நல்லது இதுதான்."

பிறகு கத்தியை எடுத்து, புதுத் தோலில் உள்ளங்கை அளவு வெட்டினார். தலைப்பில் நாளைய தேதியை எழுதினார். 'ஆற்றங்கரை' என்று எழுதினார்.

"ஒரு பெயருக்கு இது போதும், இல்லையா?"

ரெனோ அந்தத் துண்டை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நாளைக்கு நான் சண்டை போடாவிட்டால் என்னை என்ன சொல்வார்கள்?"

"முயல் என்பார்கள்."

ரெனோவின் முகம் சிவந்தது. மீசை துடித்தது. அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மேசைமேல் இருந்த மைக்கூடு ஆடியது. ஒதோனும் சேர்ந்து சிரித்தார். காலையிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பு அது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெனோ எழுந்தார். "தீபோ வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். அவன் அண்ணன் தம்பியைப் பற்றி அவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்."

"பட்டியலில் உம் பெயரை அடித்துவிடவா?"

"வேண்டாம். எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக எழுதிவிடுங்கள்."

வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். ஒதோன் அந்தச் சின்னத் தோலின் வெறும் இடத்தில், மை உலர்வதற்காகத் தூவும் மணலை ஒரு சிட்டிகை எடுத்துத் தூவிக்கொண்டிருந்தார்.

"அங்கேதான் ஒன்றும் எழுதவில்லையே குருவே?"

"எழுதி முடித்துவிட்டேன். காய வேண்டாமா?"